ஆடிக்காத்தும் போர் தண்ணியும்: வீட்டுத்தோட்டக் கேள்வி பதில்

ஆடி நெருங்குவதால் விதைப்பைப் பற்றித்தான் கடிதங்கள் அதிகம். கூடவே கோடையில் கருகியது, கார்த்திகையில் பூக்காமல் போனது என்று வருஷம் முழுக்கத் தேங்கியிருந்த சந்தேகங்களும் வந்திருக்கின்றன. கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். பொள்ளாச்சிக்குச் சொல்லும் யோசனை வெள்ளகோவிலுக்கு ஆகாது என்பதால் ஊர் தெரிவது அவசியம்.

ஆடிப் பதினெட்டுக்கு வருஷா வருஷம் விதை போடுகிறேனுங்க. நாலு இலை விடும்போதே ஓரமெல்லாம் கருகி, செடி கிழக்கே சாய்ந்துவிடுகிறது. தண்ணிக்குக் குறையில்லை. விதை கோளாறா, மண் கோளாறா? (பல்லடம்)

இரண்டும் இல்லை. காற்றுதான். மேற்கு மலைத்தொடர் பாலக்காட்டுக் கணவாயில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, அந்தச் சந்து வழியாக வேகம் பிடித்து இங்கே வருகிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதும் இதனால்தான். வைகாசிக் கடைசியில் கிளம்பினால் ஆவணி வரை ஓயாது. வேர் உறிஞ்சித் தருவதைவிட வேகமாக இலை ஈரத்தை இழக்கிறது. அதனால் மண் நனைந்திருந்தாலும் இலை ஓரம் கருகும். அதைப் பார்த்துவிட்டு மேலும் மேலும் தண்ணீர் விட்டால் வேர் அழுகும். உங்கள் செடிகளில் பாதி அப்படிப் போயிருக்கவே வாய்ப்பு.

ஆடியில் விதைப்பது தப்பில்லை. ஐப்பசி மழை இறங்கும்போது செடி வேரூன்றி நிற்க வேண்டும், அதற்காகத்தான் ஆடிப்பட்டம். மழையை நம்பி விதைக்கும் பட்டம் இல்லை இது. காற்றைத் தாண்டி மழைக்குச் சேர்ப்பிக்கும் பட்டம். ஆகவே விதைக்கு முன்னால் காற்றுக்கு வழி பண்ண வேண்டும்.

தோட்டத்தின் மேற்கு, தென்மேற்கு ஓரத்தில் வைகாசியிலேயே அகத்தியோ நாற்றுச்சோளமோ இரண்டு மூன்று வரிசை நெருக்கமாக விதைத்துவிடுங்கள். ஆடிக்குள் அது இடுப்புயரம் வந்துவிடும். இந்த வருஷம் நேரம் கடந்துவிட்டதென்றால் 50 சதவீத நிழல்வலையை நாலடி உயரத்துக்கு மேற்குப் பக்கம் கட்டுங்கள். தகரமோ பிளக்ஸ் பேனரோ வேண்டாம். காற்று புகாத தடுப்பைத் தாண்டி மேலேறும் காற்று, அதன் பின்னால் சுழன்று இறங்கிச் செடியை முறுக்கி ஒடிக்கும். பாதிக் காற்றை விட்டுப் பாதியைத் தடுப்பதுதான் நல்ல தடுப்பு. நாலடி வலைக்குப் பின்னால் இருபதடி வரைக்கும் நல்ல பாதுகாப்பு கிடைக்கும்.

விதைக்கும் பாத்தியை முதல் நாள் மாலை நன்றாக நனைத்துவிட்டு மறுநாள் விதையுங்கள். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். மேலே தென்னங்கீற்றோ வைக்கோலோ மூடி, முளை தெரிந்த அன்று சாயங்காலமே எடுத்துவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு வெளுத்து நீண்டுவிடும். கத்தரி, மிளகாயை நேரே விதைக்காமல் நாற்று விடுங்கள். கத்தரி 30 முதல் 35 நாளில், மிளகாய் 40 நாளில் நடவுக்கு வரும். அதற்குள் ஆவணி பாதி தாண்டிக் காற்றும் தணிய ஆரம்பிக்கும். முட்டுக்குச்சியைச் செடிக்கு மேற்கே ஊன்றுங்கள். கிழக்கே ஊன்றினால் காற்று செடியைக் குச்சியில் போட்டுத் தேய்க்கும். கட்டுவதற்கு வாழைநாரோ பழைய வேட்டிக் கிழிசலோ போதும். எட்டு வடிவில் தளர்வாகச் சுற்றுங்கள், பிளாஸ்டிக் கயிறு தண்டை அறுக்கும்.

மாடியில் பைகளில் செடி வைத்திருக்கிறோம். தண்ணீர் போர் தண்ணீர்தான். மண்மேல் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. பீன்ஸ் வந்ததே இல்லை, ரோஜா நுனி கருகுகிறது. பீட்ரூட் மட்டும் நன்றாக வருகிறது. என்ன செய்வது? (அவிநாசி)

பீட்ரூட் வருகிறது, பீன்ஸ் வரவில்லை என்று எழுதியிருப்பதே பாதி பரிசோதனை. உப்பைக் கொஞ்சமும் தாங்காதவை பீன்ஸ், கேரட், வெங்காயம். தக்காளி நடுத்தரம். பீட்ரூட், தட்டைப்பயறு ஆகியவை நன்றாகத் தாங்கும்.

முதலில், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான், உரத்துக்குச் செலவழிப்பதைவிட உபயோகம். 450க்குக் கீழே காட்டினால் எந்தச் செடிக்கும் பயமில்லை. 450க்கு மேல் 2000 வரை செடியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2000 தாண்டினால் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பிக் காய்கறி போடாதீர்கள்.

பையில் என்ன நடக்கிறதென்றால், தண்ணீரைச் செடி குடித்துவிடுகிறது, உப்பைப் பையிலேயே விட்டுவிடுகிறது. தினமும் சிறிது சிறிதாக, பை அடியில் ஒழுகாத அளவுக்குப் பார்த்து ஊற்றுகிறவர்களுக்குத்தான் இந்த வெள்ளைப் பூப்பு சீக்கிரம் வரும். சிக்கனம் இங்கே கெடுதல். ஊற்றும்போது ஐந்தில் ஒரு பங்கு அடியில் வழிந்து வெளியேற வேண்டும். அதற்குப் பையைத் தரையோடு தரையாக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அடித்தட்டு வைக்காதீர்கள். மேலே படிந்த வெள்ளையை மண்ணோடு சேர்த்து அரை அங்குலம் சுரண்டி எறிந்துவிட்டுத் தொழு எரு போடுங்கள். இலைமேல் போர் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். ரோஜா நுனி கருகுவதில் அதற்கும் பங்கு உண்டு.

பைக்குள்ளிருக்கும் தென்னைநார்க் கழிவையும் சந்தேகப்படுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் கட்டியாக வரும் 5 கிலோ தென்னைநார்க் கட்டி ஊறினால் 65, 70 லிட்டர் அளவுக்குப் பொங்கும். பலர் ஊறியவுடன் அப்படியே மண்ணில் கலந்துவிடுகிறார்கள். கழுவாத நார்க்கழிவில் உப்பு ஏராளம். ஊறவைத்து, வடித்து, மறுபடி நல்ல தண்ணீர் விட்டு, மூன்று தரம் இப்படிச் செய்தபின் பிழிந்த நீரை மீட்டரில் பாருங்கள். ஊற்றிய தண்ணீரின் அளவை ஒட்டி வரும்வரை கழுவ வேண்டும்.

மாடி இருக்கிறது, மழையைப் பிடியுங்கள். ஆயிரம் சதுரடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. சேதாரம் போக 750 லிட்டர் தொட்டிக்கு வரும். ஐப்பசி மழையில் பைகளை மூடாமல் திறந்தே விடுங்கள், வருஷத்து உப்பை அதுவே கழுவிவிடும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லாததால் அதையும் சேர்த்துப் பாதிக்குப் பாதி கலக்கலாம். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு விடவே கூடாது. நீங்கள் குடிக்கும் தண்ணீரிலிருந்து எடுத்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது.

ஜிப்சம் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தண்ணீரில் சோடியம் மிகுந்து, ஈரத்தில் மண் வழுவழுத்து, காய்ந்தால் ஓடாக இறுகினால் மட்டும் ஜிப்சம் பலன் தரும். வெறும் உப்புக்கு ஜிப்சம் இன்னொரு உப்புதான். மண், நீர் பரிசோதனை நிலையத்தில் ஒரு முறை கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பொங்கல் கழிந்ததும் பந்தல் அவரை போட்டோம். பந்தலே இடியுமளவு கொடி படர்ந்திருக்கிறது. ஒரு பூ இல்லை. (கொடுமுடி)

உரம், மருந்து எதுவும் இதற்கு உதவாது. பந்தல் அவரை இரவு நீண்டால்தான் பூக்கும். ஆடியில் போட்டால் ஐப்பசி, கார்த்திகையில் பகல் குறுகும் நேரத்துக்குக் கொடி தயாராக நிற்கும். பனி பெய்யப் பெய்ய மாசி வரை காய்க்கும். தையில் போட்டால் கொடி பருவத்துக்கு வருவதற்குள் பகல் நீண்டுவிடுகிறது. பிறகு இலையும் கொடியும்தான்.

பிடுங்கிவிடாதீர்கள். இப்போதே தரையிலிருந்து மூன்றடி விட்டு மேல்கொடியைக் கழித்துவிடுங்கள். வேரைச் சுற்றி ஒரு கூடை நன்கு மக்கிய ஆட்டுப்புழுக்கை போட்டு மண் அணையுங்கள். புதுக்கொடி புரட்டாசிக்குள் பந்தலேறி, கார்த்திகையில் பூக்கும். யூரியா மாதிரித் தழைச்சத்தைக் கொடுத்தால் மறுபடி இலைதான். மார்கழியில் பூங்கொத்தில் கறுப்பு அசுவினி அப்பும். அப்போது லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் தெளியுங்கள். பொறிவண்டு நிறைய இருந்தால் அதையும் தெளிக்க வேண்டாம், அவை பார்த்துக்கொள்ளும். தைப்பட்டத்துக்கு அவரைதான் வேண்டுமென்றால் செடியவரை விதை வாங்குங்கள். அதற்குப் பகல், இரவுக் கணக்கு கிடையாது.

பீர்க்கனும் சுரையும் விரல் நீளம் பிஞ்சு விட்டு மஞ்சளாகி உதிர்கிறது. காலையில் எழுந்து ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவியும் பார்த்தாயிற்று. (கோபிசெட்டிபாளையம்)

தடவிய நேரம் தவறு. பீர்க்கனும் சுரையும் சாயங்காலம் மலரும் ஜாதி. அந்தி மங்கும் வேளையில், ஐந்து மணிக்கு மேல் தடவுங்கள். காலையில் நீங்கள் தடவியது முதல் நாள் பூவாக இருந்திருக்கும். பாகல், பூசணி இரண்டும் விடிகாலையில் மலர்பவை. அவற்றுக்குக் காலை ஒன்பதுக்குள் வேலை முடிய வேண்டும். காம்பில் குட்டிக் காய் இருப்பது பெண்பூ. கொடி பூக்க ஆரம்பித்த முதல் பத்துப் பதினைந்து நாள் ஆண்பூ மட்டுமே வந்தால் பயப்பட வேண்டாம். கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக்கொடியில்தான் பெண்பூ அதிகம்.

பிஞ்சில் ஊசி குத்தின புள்ளி, பிசின் சொட்டு, உள்ளே புழு என்றால் அது வேறு சங்கதி. பழ ஈ. கொடிவகைக்குக் கியூலூர் பொறி கேட்டு வாங்குங்கள். கடையில் மா, கொய்யாவுக்கான மெத்தில் யூஜினால் பொறியைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள், அது கொடிக்காய் ஈயை இழுக்காது. பொறியில் விழுவது ஆண் ஈ மட்டுமே. அதனால் பொறியோடு நிற்காமல், உதிர்ந்த பிஞ்சுகளை அன்றாடம் பொறுக்கிப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். உரக்குழியில் போட்டால் அடுத்த தலைமுறைக்கு நீங்களே தொட்டில் கட்டிக் கொடுத்த மாதிரி.

கருவேப்பிலை துளிர் வெளுத்து வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. புளித்த மோர் ஊற்றினேன். ஆணி புதைக்கச் சொன்னார்கள், புதைத்தேன். ஒன்றும் ஆகவில்லைங்க. கரிசல் மண், தோண்டினால் சுக்கான்கல் வருகிறது. (உடுமலைப்பேட்டை)

அடி இலை பச்சையாக இருந்து துளிர் மட்டும் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறை. அடி இலை மஞ்சளாகித் துளிர் பச்சையாக இருந்தால் தழைச்சத்துக் குறை. உங்களுடையது முதலாவது.

சுக்கான், அதாவது சுண்ணாம்புக்கல், கலந்த மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு அதைக் கரைய விடுவதில்லை, கரையாததை வேர் எடுக்காது. ஆணித் துருவும் கரையாத இரும்புதான். அதைப் புதைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. மோர் கொஞ்சம் புளிப்பைத் தரும், ஆனால் சுக்கான் மண் அதை ஒரே நாளில் விழுங்கிவிடும்.

இலை வழியாகக் கொடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டு, பிறகு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரையுங்கள். வரிசை மாறக் கூடாது. போர் தண்ணீரில் அன்னபேதியை முதலில் போட்டால் செங்கல் நிறத்தில் திரிந்துவிடும், திரிந்தது வீண். வெளிர்பச்சையாகப் பளிங்குபோல இருக்கும் அன்னபேதியாக வாங்குங்கள், பழுப்புப் பொடியாக இருந்தால் பழையது. சாயங்காலம் இலை நனையத் தெளித்து, பத்து நாளுக்கு ஒருமுறை என மூன்று தரம் செய்தால் வரும் துளிர் பச்சையாக வரும். ஏற்கனவே வெளுத்துப்போன இலை முழுசாகத் தேறாது, அதைப் பார்த்துச் சலிக்க வேண்டாம். தெளித்துப் பத்து நாளாவது விட்டு, நன்றாக அலசிச் சமையலுக்கு எடுங்கள்.

நிரந்தரமாக வேண்டுமானால், 20 கிராம் அன்னபேதியை இரண்டு கிலோ மக்கிய எருவில் பிசறி, ஈரச்சாக்கு மூடி ஒரு வாரம் வைத்திருந்து, பிறகு வேர்ப்பக்கம் போட்டு மூடுங்கள். எருவோடு பிணைந்த இரும்பைச் சுண்ணாம்பு அவ்வளவு சுலபமாகக் கட்டிப்போடாது. வீட்டுக்கு வெள்ளையடித்த வாளி கழுவிய நீர், சிமென்ட் கலவைக் கழிவு இரண்டும் மரத்தடிக்குப் போகாமல் பாருங்கள். கரிசலில் தண்ணீர் தேங்கினாலும் இதே வெளுப்பு வரும். வட்டப்பாத்தி ஈரம் காய்ந்தபின்தான் அடுத்த தண்ணீர். கடைசியாக, இலை இலையாக உருவாதீர்கள். கொத்தோடு ஒடித்தால்தான் கிளைக்கும்.

தென்னைக்கு அடியில் இருக்கும் கொய்யா, குரோட்டன்ஸ், ரோஜா எல்லாம் மேலே கரி பூசின மாதிரி ஆகிவிட்டது. என்ன மருந்து அடிக்கலாம்? (பொள்ளாச்சி)

மருந்து அடிக்காதீர்கள். 2016இல் பொள்ளாச்சி வட்டாரத் தென்னையில் முதன்முதலாகத் தெரிய வந்த சுருள் வெள்ளை ஈயின் வேலை இது. ஓலையின் அடியில் வெள்ளை மெழுகு வட்டம் வட்டமாக இருக்கும். அது கழிக்கும் தேன் போன்ற திரவம் கீழே இருக்கும் செடிகள் மேல் சொட்டி, அதில் கரும்பூசணம் வளர்கிறது. பூசணம் இலைக்குள் போகாது; வெயிலை மறைக்கிறது, அவ்வளவே. இந்த ஈயைத் தின்னும் என்கார்சியா என்ற நுண்குளவி நம் தோப்புகளில் பரவியிருக்கிறது. கடும் பூச்சிமருந்தில் முதலில் சாவது அதுதான், ஈ திரும்ப வந்துவிடும்.

25 கிராம் மைதாவை ஒரு லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, ஆறியபின் வடிகட்டி, கறுத்த இலைமேல் வெயில் நேரத்தில் தெளியுங்கள். காய்ந்தால் தோல்போல உரிந்து கரியும் கூடவே வந்துவிடும். மூன்று நாள் கழித்துத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். ஐந்தடிக்கு ஒன்றரையடி மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவித் தென்னையில் ஆறடி உயரத்தில் கட்டினால் ஈ ஒட்டும். ரோஜாவை மட்டும் தென்னைநிழலை விட்டு நகர்த்திவிடுங்கள். ஈ இல்லாவிட்டாலும் அது அங்கே பூக்காது.

மயில் தொல்லை தாங்கவில்லை. நாற்று, தக்காளி, மிளகாய் எதையும் விடுவதில்லை. (காங்கயம்)

1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. விஷம், கண்ணி, மின்வேலி எல்லாம் குற்றம். பளபளக்கும் ரிப்பன், பொம்மை, பட்டாசு எல்லாம் ஒரு வாரத்துக்குத்தான், மயில் சீக்கிரம் பழகிக்கொள்ளும். வலை ஒன்றே வழி. அரையங்குல பிவிசி குழாயை வில்லாக வளைத்துப் பாத்திமேல் நாலடிக்கு ஒன்றாக ஊன்றி, ஓரங்குலக் கண் உள்ள நைலான் வலையைப் போர்த்தி, ஓரத்தைக் கல் வைத்து அழுத்துங்கள். பக்கவாட்டில் மட்டும் வேலி போட்டால் பறந்து உள்ளே இறங்கிவிடும். வலை தொய்வாகக் கிடந்தால் காலில் சிக்கிக்கொள்ளும்; இழுத்துக் கட்டுங்கள். கோழிக்குத் தானியம் இறைப்பதைத் தோட்டத்துப் பக்கம் செய்யாமல் இருப்பதும் பாதித் தொல்லையைக் குறைக்கும்.

அஞ்சு சென்ட்டில் வீடு கட்டி முடித்திருக்கிறோம். முன்பக்கம் புல்தரையும், சுற்றி மரமும் வைக்க ஆசை. நர்சரியில் கொரியன் புல், குல்மோகர், ரப்பர் மரம் சொல்கிறார்கள். இந்த ஆடியிலேயே வைத்துவிடலாமா? (சூலூர்)

குழியை இப்போது எடுங்கள், மரத்தைப் புரட்டாசிக் கடைசியில் வையுங்கள். மூன்றடிக்கு மூன்றடி குழி எடுத்து, மேல்மண்ணைத் தனியாகக் குவித்து, இரண்டு மாதம் ஆறவிட்டு, மேல்மண்ணோடு எருவும் ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கும் கலந்து நிரப்பிவையுங்கள். இப்போது வைத்தால் முதல் வேர் பிடிப்பதற்குள் காற்று மரத்தை ஆட்டி ஆட்டி வேரை அறுத்துவிடும்.

குல்மோகர் வேண்டாம். மேலோட்டமான வேர், உடையும் கிளை. மேற்குக் காற்றுக்கு முதலில் சாய்வது அதுதான். ரப்பர் மரம், இச்சி, அரசு ஆகியவை கழிவுநீர்த் தொட்டியையும் அஸ்திவாரத்தையும் தேடிப்போகும். வேம்பு, புங்கன் நல்ல மரங்கள், ஆனால் சுவரிலிருந்து பதினைந்து இருபதடி தள்ளி வைக்க அஞ்சு சென்ட்டில் எங்கே இடம்? மேற்குச் சுவர் வெயிலை மறைக்க ஒரே ஒரு புங்கனுக்கு இடம் ஒதுக்க முடிந்தால் ஒதுக்குங்கள். மற்றபடி சித்திரைக்குச் சரக்கொன்றை, மழைக்காலத்துக்குப் பவழமல்லி, நடுவில் மாதுளையும் செம்பருத்தியும் என்று சிறுமரமாக வைத்தால் வருஷத்தில் எந்த மாதமும் வாசல் வெறுமையாக இருக்காது. மதிலோரம் காகிதப்பூ வையுங்கள். அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றினால் இலைதான் வரும். வாடத் தொடங்கும்வரை காயப்போட்டால் பூத்துத் தள்ளும்.

புல்லுக்கு வருவோம். 300 சதுரடிப் புல்தரை என்றால் கோடையில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதம் தினமும் 140 லிட்டர் தண்ணீர். ஒரு ஆளுக்கு வேண்டிய தண்ணீர் அது. கொரியன் புல் அழகுதான், ஆனால் பரவ மெதுவாகும், களை முந்திக்கொள்ளும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பெர்முடா எனும் அருகு வகையை வெயில் படும் இடத்திலும், பஃபலோ புல்லை நிழலிலும் போடுங்கள். எங்களைக் கேட்டால், நூறு சதுரடி புல் போதும். மிச்ச இடத்தில் பொடுதலையைப் படரவிடலாம். உப்பையும் மிதியையும் தாங்கும், வெட்டும் வேலை குறைவு, ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கும், தேனீ வரும்.

பின்புறம் காலியிடம் இருந்து கம்பிவேலி போடுவதாக இருந்தால், கம்பியோரமாகக் கிளுவைப் போத்து (வெட்டிய கிளைத்துண்டு) நட்டுவையுங்கள். காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களைக் காப்பது இந்த வேலிதான். மணிக்கட்டுக் கனத்தில் நாலடிப் போத்து, ஓரடி மண்ணுக்குள், ஓரடி இடைவெளி, மழைக்கு முன்னால். அதன்பின் வருஷத்துக்கு ஒருமுறை கழித்துவிடுவது தவிர வேலையில்லை.

அக்னி நட்சத்திரத்தில் மாடித்தோட்டமே காய்ந்துவிடுகிறது. அடுத்த வருஷமாவது காப்பாற்ற வழி சொல்லுங்கள். (திருப்பூர்)

பங்குனியிலேயே 50 சதவீத நிழல்வலை எட்டடி உயரத்தில் ஏறிவிட வேண்டும், மேற்குப் பக்கம் திரையாகவும் இறங்க வேண்டும். கம்பியில் இறுகக் கட்டாமல் கொக்கி வைத்து மாட்டுங்கள். வைகாசிக் கடைசியில் காற்று கிளம்பும் முன் மேல்வலையை இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு மாடியில்தான் போய்த் தேட வேண்டியிருக்கும். பையின் வெளிப்பக்கம் வெள்ளைச் சாக்கு சுற்றுங்கள்; மண்மேல் இரண்டங்குலம் சருகு. 12 லிட்டர் பைக்குக் காலை எட்டுக்குள் ஒன்றரை இரண்டு லிட்டர் தண்ணீர், மாலையில் தொட்டுப் பார்த்துத் தேவையானால் மட்டும்.

தக்காளி பூ உதிர்ந்தால் டானிக் வாங்காதீர்கள். பகல் வெயில் 35 டிகிரிக்கு மேல் போய் இரவும் புழுங்கினால் மகரந்தம் செத்துவிடும். அந்த இரண்டு மாதம் வெண்டை, கொத்தவரை, தட்டை, நிழலில் கீரை. இலையடியில் தூசிபோல நூலாம்படை தெரிந்தால் செம்பேன். இலையடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே குறையும்.

குண்டுமல்லி, ஜாதிமல்லி, முல்லை மூன்றும் இருக்கிறது. எப்போது கவாத்து? (சத்தியமங்கலம்)

மூன்றுக்கும் ஒரே நாளில் கத்தரி எடுப்பதுதான் நடக்கும் தப்பு. குண்டுமல்லி நவம்பர் பின்பாதி, ஜாதிமல்லி டிசம்பர் கடைசி வாரம், முல்லை ஜனவரி கடைசி வாரம். குண்டுமல்லியைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர், மற்ற இரண்டையும் 45 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்தி, வெட்டியபின் மிச்ச இலையையும் உருவிவிட்டு, செடிக்குப் பத்துக் கிலோ எரு வைத்துத் தண்ணீர் கட்டுங்கள்.

மழை விட்டதும் முருங்கையில் கம்பளிப்பூச்சி அடை அடையாக ஏறுகிறது. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். மரத்தையே வெட்டிவிடலாமா? (அரவக்குறிச்சி)

முருங்கைக்குப் பேர்போன அரவக்குறிச்சிக்காரர் முருங்கையை வெட்டலாமா என்று கேட்கலாமா? புழு இரவில் இலையைத் தின்றுவிட்டு, பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒடுங்கிக் கிடக்கும். அந்த நேரம்தான் பிடி. லிட்டருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் சோப்பு கரைத்து, கூட்டத்தின் மேல் நேரே படும்படி நண்பகலில் அடியுங்கள். பந்தம் கொளுத்திக் காட்டும் பழைய வழியும் உண்டு, ஆனால் ஒரே இடத்தில் நிறுத்தினால் பட்டை வெந்துவிடும். விழுந்த புழுவைத் துடைப்பத்தால் கூட்டி மண்ணில் புதையுங்கள். ரோமம் காற்றில் பறந்தாலே அரிக்கும். அன்றைக்கு மரத்தடியில் துணி காயப்போடாதீர்கள், குழந்தைகளை உள்ளே வையுங்கள், கிணறோ தண்ணீர்த் தொட்டியோ பக்கத்தில் இருந்தால் மூடிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். காய்ப்பு ஓய்ந்ததும் மூன்றடி விட்டு வெட்டிவிட்டால் மரம் கைக்கெட்டும் உயரத்தில் கிளைக்கும், அடுத்த வருஷம் முட்டைக் குவியல் இருக்கும்போதே கண்ணில் படும்.